ஏற்றும் முன் பூட்டுங்கள்: மருத்துவமனை, லேப், ஸ்கேன் சென்டர் நடத்துவோருக்கு ஒரு திறந்த மடல்



நோயாளிகளின் ரிப்போர்ட்டுகளை கூகுள் டிரைவிலோ ஒன்டிரைவிலோ டிராப்பாக்ஸிலோ ஏற்றுவதற்கு முன்னால், உங்கள் கம்ப்யூட்டரிலேயே அவற்றைப் பூட்டிவிடுங்கள். அந்தப் பூட்டின் சாவி உங்களிடம் மட்டும் இருக்கட்டும். இந்த மடலில் நான் கேட்பது இவ்வளவுதான். ஏன் கேட்கிறேன், எப்படிச் செய்வது என்பதற்காகத்தான் மீதி வரிகள்.

கம்ப்யூட்டர், நெட்வொர்க், பேக்கப் வேலைகளுக்காகச் சின்ன மருத்துவமனைகளுக்கும் லேப்களுக்கும் போய்வருகிறவன் நான். இருபது, முப்பது படுக்கை உள்ள நர்சிங் ஹோம்கள், ஒரே டாக்டர் காலையும் மாலையும் பார்க்கிற கிளினிக்குகள், பஸ் ஸ்டாண்டை ஒட்டிய ரத்தப் பரிசோதனைக் கூடங்கள். பெரிய கார்ப்பரேட் மருத்துவமனைகளில் இந்த வேலைக்கென்று ஒரு துறையே இருக்கும். உங்களிடம் கிடையாது. உங்கள் நோயாளிகளின் ரகசியம் மட்டும் எந்த வகையிலும் சின்னதில்லை.

ரிசப்ஷன் மேசைக் கம்ப்யூட்டரில் பெரும்பாலும் ஒரே ஜிமெயில் கணக்குதான் திறந்திருக்கும். அதன் பாஸ்வேர்டு டாக்டருக்குத் தெரியும், பில் போடுகிற பெண்ணுக்குத் தெரியும், வேலையை விட்டுப் போய்விட்டவருக்கும் தெரியும். டிரைவைத் திறந்தால் வருட வாரியாக ஃபோல்டர்கள். உள்ளே போனால் கர்ப்பிணிகளின் பதிவு, எச்ஐவி எலைசா முடிவுகள், விந்தணுப் பரிசோதனை, மனநல ஆலோசனைக் குறிப்புகள், கருக்கலைப்புப் படிவங்களின் ஸ்கேன், முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்துக்காக வாங்கிய ஆதார், குடும்ப அட்டை நகல்கள். நோயாளியின் பெயரும் செல்போன் எண்ணும்தான் ஃபைலின் பெயரே. ஃபைலைத் திறக்கவே வேண்டாம். பட்டியலைப் பார்த்தாலே யாருக்கு என்ன என்று தெரிந்துவிடும். வேறு ஊர் டாக்டரிடம் கருத்துக் கேட்பதற்காக என்றைக்கோ ஒரு ஃபோல்டரை ‘லிங்க் உள்ள எவரும் பார்க்கலாம்’ என்று பகிர்ந்திருப்பார்கள். கருத்து வந்துவிடும், சிகிச்சையும் முடிந்துவிடும், பகிர்வு மட்டும் அப்படியே கிடக்கும்.

கருக்கலைப்புச் சட்டத்தின் கீழ் 2003இல் வந்த ஒழுங்குமுறைகளை மகப்பேறு மருத்துவர்கள் அறிவீர்கள். நோயாளியின் ஒப்புதல் படிவத்தையும் மருத்துவரின் கருத்துப் படிவத்தையும் உறையில் போட்டு ஒட்டி, மேலே ‘ரகசியம்’ என்று எழுதி, பாதுகாப்பாக வைக்க வேண்டும். சேர்க்கைப் பதிவேடே ரகசிய ஆவணம். உறைமேல் அந்தப் பெண்ணின் பெயர்கூட வராது, வரிசை எண்தான் வரும். அந்த விதியை எழுதியவர்கள் பீரோவையும் காகிதத்தையும் மனதில் வைத்து எழுதினார்கள். ஆனால் ஒரு பெண்ணின் வாழ்க்கை எப்படியெல்லாம் குலையும் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. இன்றைக்கும் அந்த உறையைப் பல மருத்துவமனைகளில் ஒழுங்காக ஒட்டி வைக்கிறார்கள். ஒட்டுவதற்கு முன்னால் ‘ஒரு காப்பி இருக்கட்டும்’ என்று ஸ்கேன் எடுத்து, அந்தப் பெண்ணின் பெயரையே வைத்து, டிரைவில் போடுகிறார்கள். உறை பீரோவுக்குள் பத்திரமாக இருக்கிறது. உள்ளே இருக்க வேண்டியது வெளியே இருக்கிறது.

இதைச் சொன்னதும் எனக்கு வருகிற முதல் பதில்: “கூகுளே எல்லாத்தையும் என்கிரிப்ட் பண்ணித்தானே வைக்குது?”

உண்மைதான். கூகுளும் மைக்ரோசாஃப்டும் அமேசானும் தங்கள் வட்டுகளில் எழுதும் எதையும் என்கிரிப்ட் செய்துதான், அதாவது சாவி போட்டுப் பூட்டித்தான், எழுதுகின்றன. அமேசானின் எஸ்3 கிடங்கில் 2023 ஜனவரியிலிருந்து புதிதாக ஏறும் எந்தக் கோப்பும் தானாகவே என்கிரிப்ட் ஆகிறது. உங்கள் கம்ப்யூட்டரிலிருந்து அங்கே போகும் வழியிலும் பாதுகாப்பு உண்டு. ஆனால் இந்த ஏற்பாடு யாரிடமிருந்து காக்கிறது என்று பாருங்கள். டேட்டா சென்டருக்குள் புகுந்து வட்டைக் கழற்றிக்கொண்டு போகிறவனிடமிருந்து காக்கும். வழியில் ஒட்டுக் கேட்பவனிடமிருந்து காக்கும். உங்கள் பாஸ்வேர்டைத் தெரிந்துகொண்டு உங்கள் கணக்கிலேயே நுழைகிறவனிடமிருந்து காக்காது. பகிர்ந்த லிங்க் கையில் உள்ளவனிடமிருந்தும் காக்காது. அவர்கள் கேட்டதும் கிளவுட் சாவியைப் போட்டுத் திறந்து கொடுத்துவிடும், ஏனென்றால் சாவி அதனிடம் இருக்கிறது. லாட்ஜ் அறைக்கும் பூட்டு உண்டு. அதற்கு இன்னொரு சாவி கவுண்டரில் தொங்குவதும் உண்டு.

இது வெறும் ஊகமில்லை. 2019இல் அமெரிக்காவின் கேப்பிட்டல் ஒன் வங்கி அமேசான் கிளவுடில் வைத்திருந்த தகவல்கள் திருடு போயின. அமெரிக்காவில் சுமார் 10 கோடி பேர், கனடாவில் சுமார் 60 லட்சம் பேர். அந்தத் தகவல்கள் என்கிரிப்ட் செய்யப்பட்டுத்தான் இருந்தன. தப்பாக அமைக்கப்பட்ட ஒரு ஃபயர்வால் வழியாக உள்ளே வந்தவர், வங்கியின் சொந்த சர்வருக்கு உரிய அனுமதியைக் கைப்பற்றினார். அந்த அனுமதியோடு கேட்டபோது, கேட்பது வங்கிதான் என்று நினைத்துக் கிளவுட் எல்லாவற்றையும் திறந்தே கொடுத்தது. சுமார் 1.4 லட்சம் அமெரிக்கர்களின் சமூகப் பாதுகாப்பு எண்களும் அதில் போயின. மற்றவர்களின் எண்கள் தப்பியதற்குக் காரணம் உண்டு. வங்கி அவற்றை முன்கூட்டியே வேறு குறிகளாக மாற்றி வைத்திருந்தது. திரும்ப மாற்றும் முறையும் சாவிகளும் தனியாக இருந்தன. ஒரே கிடங்கு, ஒரே திருட்டு. எதன் சாவி அந்தக் கிடங்கோடு சேர்ந்து வரவில்லையோ அது பிழைத்தது.

ஆகவே, ‘என்கிரிப்ட் செய்திருக்கிறதா’ என்ற கேள்வியோடு நிறுத்தாதீர்கள். சாவி யாரிடம் இருக்கிறது என்று கேளுங்கள்.

“நம்ம ஊர் கிளினிக்கைத் தேடி எவன் வரப்போறான்” என்பது எனக்கு வருகிற இரண்டாவது பதில். தேடி யாரும் வரமாட்டார்கள் என்பதை ஒப்புக்கொள்கிறேன். இணையம் முழுவதையும் இரவு பகலாகத் துழாவும் புரோகிராம்களுக்கு உங்கள் ஊர்ப் பெயர் தேவையில்லை. 2019இல் ஜெர்மனியைச் சேர்ந்த கிரீன்போன் என்ற நிறுவனம் ஸ்கேன் படங்களைச் சேமிக்கும் சர்வர்களை ஆராய்ந்தது. பார்த்தவை சுமார் 2,300. அவற்றில் 590, எந்தத் தடையும் இல்லாமல் இணையத்தில் திறந்து கிடந்தன. 52 நாடுகளின் நோயாளிகளுடைய 2.4 கோடிக்கும் மேற்பட்ட பதிவுகள். இந்தியாவும் அந்தப் பட்டியலில் உண்டு. ஸ்கேன் சென்டர்காரர்கள் இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். டைகாம் ஃபைல் என்பது வெறும் படம் இல்லை. நோயாளியின் பெயர், பிறந்த தேதி, அடையாள எண் எல்லாம் அந்த ஃபைலுக்குள்ளேயே எழுதியிருக்கும். ஃபைலின் பெயரை மாற்றினால் மட்டும் ஆளை மறைத்ததாக ஆகாது.

பின்லாந்தில் நடந்ததை விரிவாகவே சொல்ல வேண்டும். உங்களில் மனநல மருத்துவர்கள் இருக்கிறீர்கள் என்பதால் மட்டுமில்லை.

வஸ்தாமோ என்பது அந்த நாட்டில் பல ஊர்களில் மனநல ஆலோசனை மையங்களை நடத்திய நிறுவனம். நோயாளிகள் பேசியதைச் சிகிச்சையாளர்கள் கம்ப்யூட்டரில் குறித்து வைப்பார்கள். குழந்தைப் பருவத்தில் நடந்த கொடுமை, திருமணத்துக்கு வெளியே உள்ள உறவு, தற்கொலை எண்ணம் என்று எதையும் மறைக்காமல் பேசிய பேச்சு அது. நோயாளியின் பெயர், முகவரி, அடையாள எண்ணோடு எல்லாம் ஒரே டேட்டாபேஸில், எந்த என்கிரிப்ஷனும் இல்லாமல், இணையத்திலிருந்து எட்டக்கூடிய சர்வரில் இருந்தன. 2018இல் அதைத் திருடினார்கள். 2020 அக்டோபரில்தான் ஊருக்கே தெரிந்தது. திருடியவன் முதலில் நிறுவனத்திடம் 40 பிட்காயின் கேட்டான். கிடைக்கவில்லை. தினம் நூறு நோயாளிகளின் குறிப்புகள் என்று இணையத்தில் வெளியிட ஆரம்பித்தான். அடுத்து நோயாளிகளுக்கே நேரடியாக மின்னஞ்சல் அனுப்பினான்: ஒரு நாளுக்குள் 200 யூரோ கொடு, தவறினால் 500, இல்லையென்றால் உன் டாக்டரிடம் நீ சொன்னது எல்லோருக்கும் தெரியும். பாதிக்கப்பட்டவர்கள் சுமார் 33,000 பேர். சிறுவர் சிறுமியரும் இருந்தார்கள்.

2021இல் நிறுவனம் திவாலானது. அந்த ஆண்டின் கடைசியில் பின்லாந்தின் தரவுப் பாதுகாப்பு அமைப்பு அதற்கு 6,08,000 யூரோ அபராதம் விதித்தது. திருடியதாகக் குற்றம் சாட்டப்பட்டவருக்கு 2024 ஏப்ரலில் மாவட்ட நீதிமன்றம் 6 ஆண்டு 3 மாதச் சிறைத்தண்டனை கொடுத்தது. இதில் எதுவும் அந்த நோயாளிகளுக்கு எதையும் திருப்பித் தரவில்லை. கிரெடிட் கார்டு எண் வெளியே போனால் வேறு கார்டு வாங்கலாம். அறைக்கதவைச் சாத்திக்கொண்டு டாக்டரிடம் அழுதது வெளியே போனால் என்ன செய்வது?

நம் ஊருக்கு வருவோம். இந்தியாவின் முதல் எச்ஐவி தொற்றுகளை 1986இல் சென்னை மருத்துவக் கல்லூரியின் டாக்டர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி டாக்டர் நிர்மலாவும் கண்டறிந்தார்கள். அதற்குப் பிறகு வந்த வருடங்களில், பாசிட்டிவ் என்ற ஒரு சொல் வெளியே கசிந்ததால் வாடகை வீட்டை இழந்தவர்கள், வேலையை இழந்தவர்கள், குழந்தையைப் பள்ளியிலிருந்து நிறுத்த வேண்டி வந்தவர்கள் எத்தனை பேர் என்பது உங்களுக்குத்தான் என்னைவிட நன்றாகத் தெரியும். இன்றைக்கு மாத்திரை இருக்கிறது, நீண்ட ஆயுள் இருக்கிறது. தெரு இன்னும் அவ்வளவு மாறவில்லை. கல்யாணப் பேச்சு நடக்கும் வீட்டில் பழைய மனநல மருந்துச்சீட்டு ஒன்று வாட்ஸ்அப்பில் வந்து விழுந்தால் என்ன ஆகும் என்று நான் உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. அதை அனுப்புவதற்கு வெளிநாட்டு ஹேக்கர் வேண்டாம். பழைய பாஸ்வேர்டு தெரிந்த, மனக்கசப்போடு வேலையை விட்ட ஒருவர் போதும்.

இனி, செய்ய வேண்டியது.

கிளவுடை விட்டுவிடுங்கள் என்று சொல்லவில்லை. வெள்ளம் வந்தாலும் தீ பிடித்தாலும் ரிப்போர்ட் பிழைத்திருக்கக் கிளவுட் நல்ல ஏற்பாடுதான். அங்கே போவது பூட்டிய நிலையில் போக வேண்டும், அவ்வளவே. இதற்கு கிரிப்டோமேட்டர் என்ற மென்பொருள் போதும். கம்ப்யூட்டருக்கு இலவசம். அதன் நிரல் எல்லோரும் படித்துச் சோதிக்கும்படி திறந்தே இருக்கிறது. டிரைவ் ஃபோல்டருக்குள் ஒரு பெட்டகத்தை உருவாக்கச் சொல்லும், ஒரு பாஸ்வேர்டு கேட்கும். திறந்தால் உங்கள் கம்ப்யூட்டரில் புதிதாக ஒரு டிரைவ் தெரியும். அதில் எப்போதும் போல ரிப்போர்ட்டைச் சேமிக்கலாம், திறக்கலாம், திருத்தலாம். மூடினால் அந்த டிரைவ் மறைந்துவிடும். இதே சமயத்தில் கூகுள் பக்கம் போய்ப் பாருங்கள்: அர்த்தமில்லாத எழுத்துகளைப் பெயராகக் கொண்ட ஃபோல்டர்கள், அவற்றுக்குள் அதே மாதிரி ஃபைல்கள். நோயாளியின் பெயர் எங்கும் இருக்காது. எத்தனை ஃபைல், எவ்வளவு பெரியது, எப்போது மாறியது என்பது மட்டும் தெரியும். உங்கள் ஜிமெயில் பாஸ்வேர்டைத் திருடியவனுக்குக் கிடைப்பதும் அதே கிறுக்கல்தான்.

உள்ளே வேலை செய்வது ஏஇஎஸ்-256. பெல்ஜியத்தைச் சேர்ந்த யோவான் டாமன், வின்சென்ட் ரைமன் இருவரும் உருவாக்கி, 2001இல் அமெரிக்கா தரமாக ஏற்றுக்கொண்ட முறை. அது எப்படி இயங்குகிறது என்பது உலகத்துக்கே தெரியும். தெரிந்தும் இத்தனை ஆண்டுகளில் நேரடியாக யாராலும் உடைக்க முடியவில்லை. முறை எதிரியின் கையில் கிடைத்தாலும் சாவி கிடைக்காதவரை பாதுகாப்பு நிற்க வேண்டும் என்று அகுஸ்ட் கெர்க்காஃப்ஸ் 1883லேயே சொல்லிவிட்டார். இன்றைய என்கிரிப்ஷன் முழுவதும் அந்தச் சொல்லின்மேல் நிற்கிறது.

எல்லா பாரமும் சாவியின்மேல் விழுகிறது என்றால், நம் லேப்கள் ரிப்போர்ட்டுக்குப் பூட்டு போடும் வழக்கத்தைப் பாருங்கள். பிடிஎஃப் அனுப்பிவிட்டு, ‘உங்கள் பிறந்த தேதிதான் பாஸ்வேர்டு’ என்று ஒரு எஸ்எம்எஸ். நூறு வருடத்துக்கு எத்தனை பிறந்த தேதி? சுமார் 36,500. சாதாரண லேப்டாப் ஒன்று அவ்வளவையும் போட்டுப் பார்ப்பதற்குள் ஒரு டீ குடித்து முடிக்க முடியாது. செல்போனின் கடைசி நான்கு எண்கள் என்றால் 10,000தான். முழு செல்போன் எண்ணையே பாஸ்வேர்டாக வைத்து, அதே எண்ணை ஃபைலின் பெயரிலும் எழுதி அனுப்பியதை நான் பார்த்திருக்கிறேன். உள்ளே இருப்பது ஏஇஎஸ்-256 என்றாலும் இதற்குப் பூட்டு என்று பெயர் வைக்க முடியாது.

பெட்டகத்தின் பாஸ்வேர்டு நீளமாக இருக்கட்டும். ஒன்றோடொன்று சம்பந்தமில்லாத ஆறு சொற்கள், ஆங்கில எழுத்தில் அடித்த தமிழ்ச் சொற்களானாலும் சரி. கிளினிக் பெயர், பிள்ளைகள் பெயர், குலதெய்வம், கார் நம்பர் வேண்டாம். பாட்டு வரி, பழமொழி எதுவும் வேண்டாம்; எல்லோருக்கும் தெரிந்த தொடர் எல்லோரும் முயலும் தொடர். லாஸ்ட்பாஸ் என்ற பாஸ்வேர்டு காப்பு நிறுவனத்தின் கிளவுட் பேக்கப்பை 2022இல் திருடினார்கள். வாடிக்கையாளர்களின் பாஸ்வேர்டுகள் பூட்டிய நிலையில்தான் போயின. நீளமான, யாரும் ஊகிக்க முடியாத முதன்மை பாஸ்வேர்டு வைத்தவர்களுக்கு அந்தப் பூட்டு நின்றது. குட்டைப் பாஸ்வேர்டுக்காரர்களின் பெட்டகத்தைத் திருடன் தன் வீட்டில் உட்கார்ந்து எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் முயலலாம். தவறான பாஸ்வேர்டு மூன்று முறை போட்டால் கணக்கை முடக்க அங்கே யாரும் இல்லை.

அடுத்தது, சாவி தொலைந்தால். டாக்டர்கள் பலர் இதற்குப் பயந்தே இந்தப் பக்கம் வருவதில்லை, அந்தப் பயம் நியாயமானதுதான். இங்கே ‘பாஸ்வேர்டு மறந்துவிட்டதா?’ என்று ஒரு பொத்தான் கிடையாது. ஓடிபி வராது. சாவி போனால் பதிவுகளும் போயின. அதனால் பெட்டகம் உருவாக்கும்போது கிரிப்டோமேட்டர் தருகிற மீட்புச் சாவியை அப்போதே வாங்கிக்கொள்ளுங்கள். நீண்ட சொல் வரிசையாக இருக்கும். இரண்டு பிரதி அச்சிடுங்கள். உறையில் போட்டு ஒட்டி, ஒன்றை பேங்க் லாக்கரிலும் இன்னொன்றை நீங்கள் முழுதாக நம்பும் ஒருவரிடமும் வையுங்கள். கணவனும் மனைவியும் டாக்டராக இருக்கும் வீடுகளில் இது சுலபம். படம் எடுத்துப் போனில் வைக்காதீர்கள், அது தானாகவே கூகுள் போட்டோஸுக்குப் போய்ச் சேர்ந்துவிடும். பிறகு முக்கியமான வேலை: வேறு ஒரு கம்ப்யூட்டரில் உட்கார்ந்து, அந்தக் காகிதத்தை மட்டும் வைத்துக்கொண்டு பெட்டகம் திறக்கிறதா என்று பாருங்கள். திறந்து பார்க்காத மீட்புச் சாவியை நம்பி ஒரு நோயாளியின் பத்து வருடப் பதிவைப் பூட்டக் கூடாது.

ஊழியர் ஒருவர் போகிறார் என்று பாஸ்வேர்டை மாற்றுகிறீர்கள். கிரிப்டோமேட்டரில் பாஸ்வேர்டை மாற்றினால் உள்ளே இருக்கும் மூலச்சாவி மாறாது. அந்த மூலச்சாவியைச் சுற்றியுள்ள உறைதான் மாறும். போனவரிடம் பழைய பெட்டகத்தின் பிரதியும் பழைய பாஸ்வேர்டும் இருந்தால் அவரால் திறக்க முடியும். சந்தேகம் இருக்கும் இடத்தில் புதுப் பெட்டகம் உருவாக்கி, எல்லாவற்றையும் அதற்கு மாற்றி, பழையதை அழித்துவிடுங்கள். முதன்முறை பூட்டும்போதும் இதே கவனம் வேண்டும்: பூட்டாத பழைய பிரதிகள் டிரைவின் குப்பைத் தொட்டியில் 30 நாள் இருக்கும். அதையும் காலி செய்யுங்கள். எல்லோருக்கும் எல்லாப் பெட்டகமும் தேவையில்லை. பில் போடுகிறவருக்கு காப்பீட்டுப் பெட்டகம் போதும், ஆலோசனைக் குறிப்புகள் டாக்டரோடு நிற்கட்டும்.

வாட்ஸ்அப்பைப் பற்றிச் சொல்லாமல் போக முடியாது, ஏனென்றால் பாதி ரிப்போர்ட் அதில்தான் ஓடுகிறது. அனுப்புகிறவர் போனிலிருந்து பெறுகிறவர் போன்வரை அது பூட்டியே போகிறது, நல்லதுதான். ஆனால் கிளினிக் போனின் சாட் பேக்கப் இரவில் கூகுள் டிரைவுக்கோ ஐகிளவுடுக்கோ போகிறதே, அதற்கு அந்தப் பூட்டு தானாக வருவதில்லை. 2021இலிருந்து அதற்கும் வசதி இருக்கிறது. செட்டிங்ஸில் சாட் பேக்கப் பக்கத்தில் ‘எண்ட்-டு-எண்ட் என்கிரிப்டட் பேக்கப்’ என்பதை நீங்களே இயக்க வேண்டும். சொந்த பாஸ்வேர்டு வைக்கலாம், இல்லையென்றால் 64 இலக்கச் சாவி வாங்கிக்கொள்ளலாம். இன்றைக்கே செய்துவிடலாம், செலவும் இல்லை.

மருத்துவமனை நிர்வாக மென்பொருளை மாதச் சந்தாவில் கிளவுட் வழியாகப் பயன்படுத்துகிறவர்களுக்கு கிரிப்டோமேட்டர் உதவாது. தகவல் முழுவதும் விற்றவரின் சர்வரில் இருக்கிறது. விற்க வரும்போது ‘பேங்க் அளவுக்குப் பாதுகாப்பு, 256 பிட்’ என்பார்கள். உட்கார வைத்துக் கேளுங்கள். சாவிகள் தகவல் இருக்கும் அதே சர்வரில் இருக்கின்றனவா, தனிச் சாவி மேலாண்மைச் சேவையில் இருக்கின்றனவா? ஒவ்வொரு மருத்துவமனைக்கும் தனிச் சாவியா, எல்லோருக்கும் ஒன்றா? எச்ஐவி, மனநலம், கருக்கலைப்பு போன்ற பகுதிகள் டேட்டாபேஸுக்குள்ளேயே தனியாகப் பூட்டப்படுகின்றனவா? பேக்கப்பும் பூட்டியதுதானா? உங்கள் ஊழியர்களில் யாரால் என் நோயாளியின் பதிவைப் படிக்க முடியும், படித்தால் அது எங்கே பதிவாகும்? நாங்கள் விலகினால் எங்கள் சாவியை அழித்துவிடுவீர்களா? பதிலை எழுத்தில் வாங்குங்கள். எழுத்தில் தர மறுக்கும் நிறுவனத்திடம் நோயாளிகளை ஒப்படைக்காதீர்கள்.

என்கிரிப்ஷன் போட்டால் எல்லாம் முடிந்தது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். பெட்டகம் திறந்திருக்கும்போது கம்ப்யூட்டரில் வைரஸ் இருந்தால் அதுவும் உங்களோடு சேர்ந்து படிக்கும். மதியம் சாப்பிடப் போகும்போது பெட்டகத்தை மூடிவிட்டுப் போக வேண்டும். 2022 நவம்பரில் டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனையில் நடந்ததில் பூட்டு போட்டவர்களே எதிரிகள்: ஐந்து சர்வர்களில் சுமார் 1.3 டெராபைட் தகவலை அவர்கள் என்கிரிப்ட் செய்துவிட்டார்கள். ஓபி சீட்டையும் லேப் ரிப்போர்ட்டையும் கையால் எழுத வேண்டி வந்தது. உங்கள் பூட்டின்மேல் இன்னொருவன் தன் பூட்டைப் போட்டால் உங்கள் சாவி பயன்படாது. கிளவுடில் ஒன்று இருந்தாலும், வாரம் ஒருமுறை பிரதி எடுத்து, கழற்றி, வேறிடத்தில் வைக்கும் வெளி வட்டு ஒன்று வேண்டும். அதுவும் பூட்டியே இருக்க வேண்டும். 2025 செப்டம்பரில் தென்கொரியாவின் தேஜோன் நகரில் அரசு டேட்டா சென்டர் எரிந்து, அரசு ஊழியர்களின் கிளவுட் கிடங்கிலிருந்த 858 டெராபைட் போய்விட்டது. வேறிடத்தில் பிரதி இல்லை.

சட்டத்தைக் கடைசியில் வைத்ததற்குக் காரணம் உண்டு. அபராதத்துக்குப் பயந்து செய்கிற வேலை ஆய்வுக்கு வருகிற நாளோடு நின்றுவிடும். இருந்தாலும் தெரிந்திருக்க வேண்டும். 2017இன் எச்ஐவி, எய்ட்ஸ் சட்டம், பதிவு வைத்திருக்கும் நிறுவனம் தகவல் பாதுகாப்பு நடவடிக்கை எடுத்தாக வேண்டும் என்கிறது. அதே ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் ரகசியத்தை நோயாளியின் உரிமை என்கிறது. கருக்கலைப்புச் சட்டத்தில் 2021 திருத்தம், பெண்ணின் அடையாளத்தை வெளியிடும் மருத்துவருக்கு ஓராண்டுவரை சிறை என்கிறது. 2023இன் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் நியாயமான பாதுகாப்பு செய்யத் தவறினால் அபராதம் 250 கோடி ரூபாய்வரை போகலாம். 2025இல் வந்த அதன் விதிகள் பாதுகாப்பு வழிகளில் என்கிரிப்ஷனைப் பெயர் சொல்லியே குறிப்பிடுகின்றன.

உங்கள் ஊர் இந்திய மருத்துவச் சங்கக் கிளையின் அடுத்த மாதாந்திரக் கூட்டத்தில் இதற்கு ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். மருந்துக் கம்பெனிப் பேச்சுக்கு ஒதுக்கும் நேரம்தான். உங்கள் ரிசப்ஷன் ஊழியரையும் லேப் டெக்னீஷியனையும் கூடவே அழைத்து வாருங்கள், தினமும் பூட்டித் திறக்கப் போகிறவர்கள் அவர்கள்தான். அதுவரை காத்திருக்க வேண்டாம் என்று நினைப்பவர்கள் எந்த ஃபோல்டரில் தொடங்குவது என்று கேட்பீர்கள். கருக்கலைப்புப் படிவங்கள், எச்ஐவி முடிவுகள், மனநலக் குறிப்புகள். இந்த மூன்றையும் இந்த வாரம் பெட்டகத்துக்குள் கொண்டுவாருங்கள். அவற்றின்மேல் உள்ள பகிர்வு லிங்க்குகளை அதற்கும் முன்னால், இன்று மாலையே ரத்து செய்யுங்கள். ஆதார் நகல்கள் அடுத்த வாரம் வரட்டும். சர்க்கரை ரிப்போர்ட்டுகள் அதற்குப் பிறகு.

இப்படிக்கு,
உங்களில் சிலருடைய கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்பவன், உங்களில் வேறு சிலருக்கு நோயாளியும்கூட